கேஜுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு சார்!

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம். நல்லா ஒரு கட்டு கட்டிட்டு லேசா கண்ணசரலாம்னு பாயை விரிச்சேன். காலிங் பெல். கதவைத் திறந்தா எங்க அடுக்ககத்து செக்ரட்டரி. பேங்க்ல மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவர், கணக்குல புலி. ஒரு கையில நோட்டு, இன்னொரு கையில கொட்டேஷன்.

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். கீழ ஃபில்டர்ல இருக்கற கேஜுக்குள்ள தண்ணி பூந்துடுச்சாம். ரெண்டையும் மாத்தணும்ங்கறான் பிளம்பர். ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா?"

(அடுக்ககம் பூரா சாஃப்ட்வேர் ஆளுங்க. மெக்கானிக்கல் படிச்சவன் நான் ஒருத்தன்தான். அதனால குழாய் ஒழுகினாலும் லிஃப்ட் முனகினாலும் என் வீட்டு பெல்தான் அடிக்கும். தலையெழுத்து.)

போனேன். போர் தண்ணிக்கு ஒரு மணல் ஃபில்டர் இருக்கு. தண்ணி உள்ள போற இடத்துல ஒரு பிரஷர் கேஜ், வெளிய வர்ற இடத்துல ஒண்ணு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறிச்சுன்னா மணல்ல அழுக்கு அடைச்சிருக்குன்னு அர்த்தம், தண்ணியை எதிர்ப்பக்கமா விட்டு கழுவணும். கழுவின தண்ணி மொத்தமும் சாக்கடைக்கு.

செக்ரட்டரி கேஜைக் காட்டினார். "பாருங்க, உள்ள தண்ணி. அதுவும் முழுசா ரொம்பல, மேல காத்து நிக்குது."

"சார், அது தண்ணி இல்ல, கிளிசரின். செய்யறவனே ஊத்தி அனுப்பறது."

"கிளிசரினா? சினிமால அழறதுக்கு கண்ணுல விடுவாங்களே, அதுவா?"

"அதேதான்."

"கேஜு எதுக்கு சார் அழணும்?"

மனுஷன் சீரியஸாத்தான் கேட்டார். ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டேன். ஆனா மேல வந்து படுத்தா தூக்கம் வரல. இருபத்தஞ்சு வருஷத்துக்கும் முன்னாடி ஒரு அண்ணாச்சி என்கிட்ட கேட்ட வேற ஒரு கேள்வி ஞாபகத்துக்கு வந்துடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பாடம், கொஞ்சம் கொசுவத்தி. பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல பாடம். பிரஷர் கேஜைப் பிரிச்சுப் பாத்திருக்கீங்களா? உள்ள பெருசா ஒண்ணும் கிடையாது. வளையல்ல ஒரு துண்டை உடைச்சு எடுத்த மாதிரி வளைஞ்ச ஒரு உலோகக் குழாய். உருண்டையா இல்லாம தட்டையா நசுக்கின குழாய். ஒரு முனை வழியா அழுத்தம் உள்ள வரும், இன்னொரு முனை மூடியிருக்கும். திருவிழாவுல பசங்க ஊதுவாங்களே, ஊதினா நீண்டு விட்டா சுருண்டுக்குமே ஒரு ஊதல், அதே கதைதான். அழுத்தம் வந்தா குழாய் கொஞ்சூண்டு நிமிரும், போனா பழையபடி வளையும். யூஜின் பூர்தோன்ங்கற பிரெஞ்சுக்காரர் 1849-ல இதுக்கு காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு வரைக்கும் அடிப்படை மாறல. மூடின முனை நகர்றது சில மில்லிமீட்டர்தான். அதை ஒரு குட்டி இணைப்பும் பல் சக்கரமும் பெருக்கி, முள்ளை முக்கால் வட்டம் சுத்த வைக்குது.

பிரச்சனை எங்கன்னா, அந்தப் பல்லெல்லாம் கைக்கடிகாரத்துப் பல்லு மாதிரி நைஸா இருக்கும். அதைக் கொண்டுபோய் அதிர்ற பம்ப் மேலயும் திமுதிமுன்னு அடிக்கற பிரஸ் மேலயும் மாட்டறோம். முள்ளு சாமி வந்த மாதிரி ஆடும். என்ன காட்டுதுன்னு படிக்க முடியாது. சில மாசத்துல பல்லு தேஞ்சு, ஒரு நாள் முள்ளு ஒரே இடத்துல நின்னுடும்.

இப்ப கொசுவத்தி. 1997-ல நான் வேலைக்குச் சேர்ந்தது சென்னைக்கு வெளிய ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனி. தகடு வெட்டற ஷியரிங் மெஷின், ஒரு ஹைட்ராலிக் பிரஸ், ஒரு ஓரமா கேஸ் கட்டிங். அவ்வளவுதான். பராமரிப்பு டிரெயினின்னு பேரு. எனக்கு மேல ஒரு ஃபோர்மேன். தின்னவேலிப் பக்கம். எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். எட்டாங்கிளாஸ் படிப்பு, முப்பது வருஷ சர்வீஸ்.

பிரஸ்ல மூணு மாசத்துக்கு ஒரு கேஜ் போய்க்கிட்டிருந்துச்சு. நான் புதுசா படிச்சுட்டு வந்தவன் இல்லையா, கேட்லாக்கைப் புரட்டி, கிளிசரின் நிரப்பின கேஜ் வாங்கலாம்னு எழுதிக் கொடுத்தேன். வந்துச்சு. மாட்டினேன். முள்ளு அப்படியே சொன்ன பேச்சு கேக்கற புள்ள மாதிரி நிதானமா ஏறி, நிதானமா இறங்குச்சு. ஆபரேட்டர் கைகுலுக்கினார். எனக்கு தரையில கால் பாவல.

கிளிசரின் என்ன பண்ணுதுன்னா, கிணத்துத் தண்ணிக்குள்ள கையை வேகமா வீச முடியாது இல்லையா, அதேதான். மெதுவா நகர்த்தினா விடும், வெடுக்குனு ஆட்டினா பிடிச்சுக்கும். மெள்ள மாறுற அழுத்தம் முள்ளுல தெரியும், படபடப்பு தெரியாது. இது முதல் வேலை. ரெண்டாவது, பல்லுக்கெல்லாம் அதுவே எண்ணெய் போட்ட மாதிரி, தேய்மானம் குறையும். மூணாவது, கேஜுக்குள்ள வெறும் காத்து இருந்தா அதோட ஈரமும் இருக்கும். கடலோரத்து உப்புக்காத்துல உள்ள இருக்கறதெல்லாம் அரிக்கும், குளிர்ல கண்ணாடி உள்பக்கம் வேர்த்துக் கொட்டும். திரவம் நிரம்பி இருந்தா ஈரம் நுழைய இடமில்ல.

ஏன் கிளிசரின்? விலை குறைவு, விஷம் இல்ல, கண்ணாடி மாதிரி தெளிவு. வாய்ப்புண்ணுக்கு மெடிக்கல் ஷாப்ல வாங்கித் தடவறோமே, அவ்வளவு சாது. எல்லாத்துக்கும் மேல, சரியான கெட்டி. 20 டிகிரியில தண்ணியை விட சுமார் 1,400 மடங்கு கெட்டி. விளக்கெண்ணெயை விடக் கொஞ்சம் அதிகம். ('போடா விளக்கெண்ணெய்'னு திட்டறோமே, கேஜைப் பொறுத்தவரைக்கும் அது பாராட்டு!)

ஆனா இந்தக் கெட்டித்தனம் சூட்டைப் பொறுத்து பயங்கரமா மாறும். 60 டிகிரிக்குப் போனா 80 மடங்குன்னு இளகிடும். 0 டிகிரிக்குப் போனா 12,000 மடங்குன்னு இறுகிடும். அப்ப அழுத்தம் ஏறி இறங்கி வீட்டுக்கே போயிருக்கும், முள்ளு இன்னும் கிளம்பியிருக்காது. கிளிசரின் உறையற வெப்பநிலையே 18 டிகிரிதான். "அப்ப ஊட்டியில பாதி நாள் உறைஞ்சே கிடக்குமே"ன்னு கேக்கறீங்களா? நல்ல வேளையா அது அவ்வளவு லேசுல உறையாது, திரவமாவே அடம் பிடிச்சு நிக்கும். கொஞ்சம் தண்ணி கலந்துட்டா உறைநிலை இன்னும் கீழ போயிடும். மூணுல ரெண்டு பங்கு கிளிசரின், ஒரு பங்கு தண்ணின்னு கலந்தா மைனஸ் 46 டிகிரி வரைக்கும் உறையாது. ஆனா தண்ணி கலந்தா கெட்டியும் குறையுமே! ஒண்ணைப் பிடிச்சா ஒண்ணு நழுவும். பொதுவா மைனஸ் 20-ல இருந்து 60 டிகிரி வரைக்கும் கிளிசரின் போதும்னு கணக்கு வெச்சுப்பாங்க.

அதுக்கும் வெளிய போகணும்னா சிலிக்கோன் எண்ணெய். சூட்டுக்கும் குளிருக்கும் அதோட கெட்டி கிளிசரின் அளவுக்கு மாறாது. ஈரத்தை உறிஞ்சாது. கரண்டும் கடத்தாது. முள்ளு ஒரு இடத்துக்கு வந்தா சுவிட்ச் போட்டு மோட்டாரை நிறுத்தற கேஜெல்லாம் உண்டு. அதுக்குள்ள, காத்துல இருக்கற தண்ணியை உறிஞ்சற கிளிசரினை ஊத்தினா மின்கசிவுக்கு நாமே பத்திரிகை வெச்சு அழைச்ச மாதிரி. அங்க சிலிக்கோன் சரி. ஆனா அதே சிலிக்கோன் கேஜைப் பெயின்ட் அடிக்கற ஷெட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க. ஒரு சொட்டு கசிஞ்சு தகட்டுல பட்டாலும் அந்த இடத்துல பெயின்ட் ஒட்டாம குட்டிக் குட்டிப் பள்ளமா விலகி நிக்கும். எந்தத் திரவமும் எல்லா இடத்துக்கும் ஆகாதுங்கறதுக்கு இது சின்ன உதாரணம். பெரிய உதாரணம் இனிமேதான் வருது.

புது கேஜ் மாட்டின அன்னிக்கு எல்லாரும் சந்தோஷப்பட்டப்ப அண்ணாச்சி மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்னார்.

"தம்பி, முள்ளை அடக்கிட்டீய. பிரஷரை அடக்கலியே?"

அதாவது, ஆடறது முள்ளு மட்டும் இல்ல. உள்ள இருக்கற குழாய் ஒவ்வொரு அடிக்கும் நிமிர்ந்து வளைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. வெளிய இருக்கற கிளிசரின் அதை நிறுத்தாது. அதை நிறுத்தணும்னா, அழுத்தம் கேஜுக்கு வர்ற வழியிலயே ஒரு குறுகின துளையோ ஊசி வால்வோ வெச்சு அடியை மட்டுப்படுத்தணும். ஸ்னப்பர்னு விப்பாங்க. "வாங்கிடலாம் அண்ணாச்சி"ன்னேன். ஸ்டோர்ல இல்ல. முள்ளுதான் ஆடலையேன்னு நானும் அதை அப்படியே விட்டுட்டேன்.

அடுத்து என் கண்ணு ஆக்சிஜன் பக்கம் போச்சு. கேஸ் கட்டிங்குக்கு ஆக்சிஜன் சிலிண்டர்களை வரிசையா இணைச்சு சுவத்துல ஒரு மேனிஃபோல்டு. அதுல ஒரு கேஜ். அந்தச் சுவத்துக்குப் பின்பக்கம் ஷியரிங் மெஷின். ஒவ்வொரு தடவை தகடு வெட்டும்போதும் சுவரே அதிரும், கேஜ் முள்ளும் குதிக்கும். பிரஸ்ல ஜெயிச்ச ஆளாச்சே நான்! அதே கிளிசரின் கேஜ், அதே திருகு அளவு, ரேஞ்ச் மட்டும் வேற. ஆர்டர் போட்டேன். வந்தும் சேர்ந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் லைனை நிறுத்தினதும் மாட்டிடலாம்னு மேசை மேல வெச்சிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில பிரஸ் கேஜ் போச்சு.

பெருசா சத்தமெல்லாம் இல்ல. தெளிவா இருந்த கிளிசரின் கலங்கி மோர் மாதிரி ஆச்சு. கண்ணாடி ஓரமா ஹைட்ராலிக் ஆயில் வழிஞ்சுது. முள்ளு பாதியில நின்னுடுச்சு. கழட்டிப் பிரிச்சா வளைஞ்ச குழாயில மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அடி வாங்கி வாங்கி சோர்ந்து விட்டிருக்கு. அண்ணாச்சி சொன்னது அப்படியே நடந்துடுச்சேன்னு எனக்கு ஒரே வெக்கம்.

அவர் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. மேசை மேல இருந்த புது கேஜை எடுத்து, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தார்.

"இத எங்க மாட்டப் போறீய?"

"ஆக்சிஜன் லைன்ல அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார். "பிரஸ்ல கொழாய் விட்டுச்சு, ஆயிலு கிளிசரின்ல கலந்துச்சு, சரி. ஆக்சிஜன்ல கொழாய் விட்டா எதுல எது கலக்கும்?"

எனக்கு சட்டுனு உறைக்கல. ஆக்சிஜன் லைன்ல எண்ணெய்க் கையோட தொடக்கூடாதுன்னு தெரியும். எல்லாரும் சொல்லுவாங்க, கேஜ் முகத்துலயே எண்ணெய் கூடாதுன்னு போட்டிருக்கும். ஆனா கிளிசரின் எண்ணெய் இல்லையே, வாய்ப்புண் மருந்தாச்சேன்னு உளறினேன்.

அவர் என்னைக் கூட்டிக்கிட்டு பின்னால காலி இடத்துக்குப் போனார். ஒரு பழைய தகட்டு மேல கொஞ்சம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள். தண்ணித்தொட்டியில போடறதுக்கு வெச்சிருந்தது. அது மேல சில சொட்டு கிளிசரின் விட்டுட்டு, என் தோளைப் பிடிச்சுப் பின்னால இழுத்தார். ஒண்ணும் ஆகல. அஞ்சு செகண்ட், பத்து செகண்ட். "அண்ணாச்சி, என்ன..."ன்னு நான் ஆரம்பிக்கும்போது லேசா புகைஞ்சுது. அடுத்த நொடி புஸ்ஸுனு ஊதா கலந்த தீ. தீக்குச்சி கிடையாது, தீப்பொறி கிடையாது, ஒண்ணும் கிடையாது.

(வீட்ல யாரும் செஞ்சு பாக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன்.)

"இது வெறும் தூளு. அங்க நூத்தம்பது கிலோ பிரஷர்ல ஆக்சிஜன்"ன்னார். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை திட்டல. எனக்குக் காலு நடுங்கிடுச்சு. கேஜுக்கு ரெண்டடி தள்ளி நின்னு தினமும் வால்வு திருப்பறது எங்க கட்டர் அண்ணன். அவருக்கு அப்ப கைக்குழந்தை.

கிளிசரின் சாதுதான். ஆனா அதுவும் எரியற பொருள்தான். ஆக்சிஜன், குளோரின், ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் அமிலம்னு மத்ததை எரிய வைக்கற குணம் உள்ளதோட கலந்தா எப்படி நடந்துக்கும்னு உத்தரவாதம் கிடையாது. நைட்ரிக் அமிலத்தைப் பத்தி சொல்லவே வேணாம். அதையும் கந்தக அமிலத்தையும் கிளிசரினோட சேர்த்துத்தான் 1847-ல சொப்ரேரோங்கற இத்தாலிக்காரர் நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடிச்சார். அதை வெச்சுத்தான் நோபல் 1867-ல டைனமைட்டுக்கு காப்புரிமை வாங்கினார். சிலிக்கோனும் இந்த இடங்களுக்கு ஆகாது. இங்கெல்லாம் ஒண்ணு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம சுத்தம் பண்ணின, ஒண்ணும் ஊத்தாத கேஜ். இல்லேன்னா ஃப்ளோரினும் குளோரினும் சேர்ந்த, இதுங்களோட வினை புரியாத தனி வகைத் திரவம் ஊத்தின கேஜ். விலை அதிகம். குழாய் விட்டா கண்ணாடி முகத்துல தெறிக்காம பின்பக்கமா அழுத்தம் வெளியேறற மாதிரி செஞ்ச கேஜும் உண்டு.

எங்க அண்ணாச்சி என்ன செஞ்சார் தெரியுமா? புது கேஜ் எதுவுமே வாங்கல. மேனிஃபோல்டையே அந்தச் சுவத்துல இருந்து கழட்டி, தள்ளி இன்னொரு தூண்ல மாட்ட வெச்சார். ஷியரிங் அடிச்சாலும் முள்ளு ஆடல. பழைய கேஜே ஓடுச்சு. பிரஸ்ஸுக்கு மறுபடி கிளிசரின் கேஜே போட்டோம். ஆனா இந்த தடவை ஸ்னப்பரோட. நானே கடை கடையா அலைஞ்சு வாங்கிட்டு வந்தேன்.

அன்னிக்குக் கத்துக்கிட்டது இதுதான். கேஜுக்குள்ள எந்தத் திரவம் ஊத்தணும்னு முடிவு பண்ணும்போது, முள்ளு எவ்வளவு அழகா நிக்கும்னு மட்டும் பாக்கக் கூடாது. குழாய் விடற நாள்ல எதோட எது கலக்கும்னு முதல்ல பாக்கணும். நல்லா ஓடற நாளுக்கு எந்தத் திரவம் ஊத்தினாலும் பெரும்பாலும் ஓடிடும்.

சரி, கீழ செக்ரட்டரி நின்னுக்கிட்டிருக்கார், மறந்துட்டோம்.

அவர் நோட்டைக் காட்டினார். ரெண்டு வாரமா காலையும் மத்தியானமும் ரீடிங் எழுதி வெச்சிருக்கார் (பேங்க் புத்தி!). காலைல ரெண்டு கேஜுக்கும் வித்தியாசம் 0.2 கிலோ. மத்தியானம் 0.4. 0.4 வந்தா கழுவணும்னு பிளம்பருக்கு உத்தரவு. அவரும் தினம் மத்தியானம் கழுவிக்கிட்டிருக்கார். கோடை நேரம், போர்ல தண்ணி இறங்கிக்கிட்டிருக்கு, இங்க தினமும் தண்ணி சாக்கடைக்குப் போகுது.

நான் கேஜைத் தொட்டுப் பாத்தேன். உள்ள வர்ற பக்கத்து கேஜ் நிழல்ல, ஜில்லுனு இருந்துச்சு. வெளிய போற பக்கத்து கேஜ் சுட்டுது. உச்சி வெயில் நேரா அது மேல. அதோட தலையில ஒரு குட்டி ரப்பர் மூடி. புதுசா வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே, நுனி வெட்டாம.

விஷயம் என்னன்னா, கேஜ் காட்டறது குழாய்க்கு உள்ள இருக்கற அழுத்தத்துக்கும் வெளிய, பெட்டிக்குள்ள இருக்கற அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். வெயில்ல கிளிசரின் சூடாகி விரியும். அது விரியறதுக்குத்தான் மேல அந்தக் காத்துக் குமிழை விட்டு வெச்சிருக்காங்க. பெட்டி இறுக்கி மூடியிருந்தா குமிழ் நசுங்கி, உள்ள அழுத்தம் ஏறி, குழாயை வெளியில இருந்து அமுக்கும். முள்ளு கம்மியாக் காட்டும். 400 கிலோ கேஜ்ல இது தெரியவே தெரியாது. எங்க ஃபில்டர்ல இருக்கறது 2.5 கிலோ கேஜ். 0.2 குறைஞ்சா கணக்கே மாறிடும். அனுப்பும்போது வழியில கொட்டக் கூடாதுன்னு மூடி அனுப்பறாங்க. மாட்டினப்புறம் நாமதான் அந்த நுனியை வெட்டணும், சிலதுல குட்டி நெம்புகோல் இருக்கும், அதைத் திறந்து விடணும்.

பிளம்பர்கிட்ட பிளேடு வாங்கி நுனியை வெட்டினேன். சின்னதா ஒரு 'ப்ஸ்'. முள்ளு லேசா எழும்பிச்சு. வித்தியாசம் 0.2.

செக்ரட்டரி அஞ்சு நிமிஷம் முள்ளையே பாத்துக்கிட்டு நின்னார். அப்புறம் கொட்டேஷனை நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டார். "அப்ப ரெண்டு வாரமா நாங்க கழுவினதெல்லாம்?"

"தண்ணி வேஸ்ட் சார்."

பிளம்பர் முகம் வாடிப் போச்சு. அவரைத் திட்ட எனக்கு மனசு வரல. மேசை மேல கிளிசரின் கேஜை வெச்சுக்கிட்டு பெருமையா நின்ன டிரெயினி பயல் ஞாபகம் வந்துடுச்சு. "அண்ணே, வெட்டின நுனி இதுதான், அடுத்த தடவை மாட்டினதும் வெட்டி விட்ருங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

அண்ணாச்சி இப்ப இல்ல. கட்டர் அண்ணன் நல்லா இருக்கார். அந்தக் கைக்குழந்தைக்கு இப்ப ஒரு கைக்குழந்தை. போன வருஷம் கல்யாண வீட்ல பாத்தப்ப கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசினார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் என்ன நடந்திருக்கலாம்னு நான் இதுவரைக்கும் அவர்கிட்ட சொன்னதில்ல.

டிஸ்கி: உங்க அடுக்ககத்துலயும் கேஜுக்குள்ள 'தண்ணி பூந்திருந்தா' பதறாதீங்க. தெளிவா இருந்து, பெரும்பகுதி நிரம்பி, மேல குமிழ் இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். கலங்கினாலோ மட்டம் இறங்கிக்கிட்டே போனாலோதான் கவலை. ஆக்சிஜன் லைன்ல திரவம் நிரப்பின கேஜ் எதையாவது பாத்தா மட்டும், உள்ள என்ன திரவம்னு அங்க இருக்கறவங்ககிட்ட தயவுசெஞ்சு கேட்டுடுங்க. தப்பா நினைச்சாலும் பரவால்ல.